முதுகு வளைந்த பிள்ளைகள்: இந்த மாதக் கேள்விகள்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல், நரம்பு அல்லது தசைக் கோளாறால் ஸ்கோலியோசிஸ் (முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது) வந்த சின்னப் பிள்ளைகளைப் பற்றியவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மகளுக்கு எஸ்.எம்.ஏ. (தசை மெலிந்துபோகும் மரபுவழி நரம்பு நோய்) இரண்டாம் வகை, வயது 6. வளைவு 55 டிகிரி. திரும்பத் திரும்ப ஆபரேஷன் எதற்கு, ஒரேயடியாக பியூஷன் (முதுகெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டுவது) செய்துவிடலாமே? (திண்டுக்கல்)

ஆறு வயதில் பியூஷன் வேண்டாம். ஐந்து முதல் பத்து வயது வரை முதுகெலும்பு ஆண்டுக்கு 1 செ.மீ. போல வளர்கிறது. நுரையீரலின் காற்றறைகள் ஏறக்குறைய எட்டு வயது வரை பெருகுகின்றன. இப்போதே ஒட்டிவிட்டால் நெஞ்சுக்கூடு குட்டையாகவே நின்றுபோகும். மார்புப் பகுதி முதுகெலும்பு 18 செ.மீ.கூட எட்டாமல் நின்ற பிள்ளைகள் பின்னாளில் மூச்சுக்குத் தவிக்கிறார்கள். அதனால்தான் மேலும் கீழும் மட்டும் பிடிப்புக் கொடுத்து, நடுவில் வளர விடும் கம்பி. சாதாரண வகையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து நீட்ட வேண்டும்.

எஸ்.எம்.ஏ.வுக்கான நுசினெர்சன் ஊசி போடுகிறீர்களா என்று எழுதவில்லை. அது இடுப்புப் பகுதியில் முதுகுத் தண்டுநீருக்குள் போடும் ஊசி. அதற்கு வழி விட்டுத்தான் ஆபரேஷனைத் திட்டமிட வேண்டும். அதே நோய்க்கான ரிஸ்டிப்லாம் வாயால் குடிக்கும் மருந்து, அந்தச் சிக்கல் கிடையாது. எடையும் எழுதவில்லை. எடை இல்லாத கடிதத்துக்கு அரைப் பதில்தான் சொல்ல முடியும்.

காந்தக் கம்பி (வெளியிலிருந்தே காந்தத்தால் நீட்டும் வளரும் கம்பி) வைத்துவிட்டால் பிறகு கவலை இல்லைதானே?

நீட்டுவதற்குத் திறக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். அந்தக் கம்பியும் முறியும், திருகும் பிடுங்கிக்கொள்ளும், உள்ளே உலோகத் துகளும் கசியும். போகப்போக முதுகெலும்பு தானாகவே இறுகி ஒட்டிக்கொள்வதால் ஒவ்வொரு முறையும் கிடைக்கும் நீளம் குறைந்துகொண்டே வரும். எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் காந்தக் கம்பி இருப்பதை முதலில் சொல்லுங்கள்.

எக்ஸ்ரே இணைத்துள்ளேன். என்ன செய்யலாம்?

வயது இல்லை, நோயின் பெயர் இல்லை. படுக்க வைத்து எடுத்ததா, உட்கார வைத்து எடுத்ததா என்றும் இல்லை. படுத்தால் வளைவு நிறையவே குறைந்து தெரியும். ஒரு பிள்ளையின் முதுகைப் பற்றி இப்படிக் கேட்கலாமா? உட்கார வைத்து எடுத்த படம், நோயின் பெயர், வயது, எடை நான்கும் வேண்டும்.

பெல்ட் போட்டால் ஆபரேஷனைத் தவிர்க்கலாமா? (மட்டக்களப்பு)

இந்த வகை வளைவைப் பெல்ட் நிறுத்தாது. பிள்ளை நிமிர்ந்து உட்கார உதவும், ஆபரேஷனைச் சற்றுத் தள்ளிப்போட உதவும். மூச்சு முட்டினால் வயிற்றுப் பக்கம் திறப்பு வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

மகனுக்குப் பெருமூளை வாதம். வயது 8, எடை 13 கிலோ, வளைவு 70 டிகிரி. "நடக்கவே போவதில்லை, முதுகு ஆபரேஷன் எதற்கு?" என்று சொந்தக்காரர்களும், நாங்கள் பார்த்த ஒரு டாக்டரும் சொல்கிறார்கள். (விருத்தாசலம்)

இந்த வாசகத்தைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. அம்மா, நடக்காத பிள்ளை நாளெல்லாம் உட்கார்ந்துதான் வாழ வேண்டும். அவனுக்குத்தான் முதுகு அதிகம் தேவை. இடுப்பு ஒரு பக்கம் ஏறிவிட்டால் உடம்பின் பாரம் முழுவதும் ஒரே புட்டத்தில் இறங்கும், அங்கே புண் வரும். விலா எலும்பு இடுப்பு எலும்பில் போய் இடிக்கும். வாய் திறந்து வலி சொல்லத் தெரியாத பிள்ளை இரவெல்லாம் அழும். விழாமலிருக்கக் கையை ஊன்றிக்கொண்டே இருப்பவனுக்குச் சோற்றை எடுக்கக் கை ஏது? குளிப்பாட்டவும் தூக்கவும் நீங்கள் படும் பாட்டை எந்த எக்ஸ்ரேயும் காட்டாது. "நடப்பானா?" என்று மட்டும் கேட்பவர்கள் அவனோடு ஒருநாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஆனால் உடனே செய்யுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். 13 கிலோ உடம்பில் கம்பியை மூடத் தசை கிடையாது. தோல் கிழிந்து கிருமி புகுந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டி வரும். முதலில் எடை. வாயால் போதவில்லை என்றால் வயிற்றுக் குழாய் வைத்துக்கொள்ளத் தயங்காதீர்கள். ரத்தப் பரிசோதனையில் அல்புமின் என்ற புரதம் 3.5-க்குக் கீழே இருந்தால் பொறுங்கள். வலிப்புக்கு வால்ப்ரோயேட் மருந்து கொடுத்தால் ரத்தம் உறையும் சோதனையும் தேவை. வளைவு இன்னும் இளக்கமாக இருந்தால், பத்து வயதைத் தாண்டி, இடுப்பு வரை ஒரே பியூஷனாக முடிப்பதையே நான் விரும்புவேன். ஏனென்றால் வளரும் கம்பி வைத்த பிள்ளைகளில் பாதிப் பேருக்காவது நடுவில் ஏதாவது ஒரு சிக்கல் வருகிறது. வளைவு விறைத்துக்கொண்டே போனால் அதுவரை காத்திருக்க முடியாது.

மகனுக்கு டுஷேன் (தசைகள் படிப்படியாகச் சிதையும் நோய்), வயது 7, நடக்கிறான், முதுகு நேராக இருக்கிறது. இப்போதே கம்பி வைத்தால் நல்லதா?

வேண்டாம். டுஷேனில் வளைவு பெரும்பாலும் நடை நின்ற பிறகுதான் வரும். அப்போது வயது பத்தை ஒட்டியோ தாண்டியோ இருக்கும், நேராக பியூஷனுக்கே போகலாம். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள், அது வளைவையும் தள்ளிப்போடுகிறது. பல் பிடுங்கப் போனாலும் மயக்க மருந்து டாக்டரிடம் முதல் வார்த்தையாக டுஷேன் என்று சொல்லுங்கள். மயக்கம் கொடுக்கும்போது தசையைத் தளர்த்தப் போடும் சக்சினைல்கோலின் இவனுக்கு ஆகாது.

பிள்ளைக்கு ஸ்பைனா பைஃபிடா (பிறவியிலேயே முதுகெலும்பு முழுதாக மூடாத குறை), வயது 5. அடுத்த வாரம் ஆபரேஷன். சிறுநீர் கலங்கலாக வருகிறது, பரவாயில்லையா?

இதைக் கடிதத்தில் கேட்டுவிட்டுக் காத்திருப்பதா? அன்றே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்திருக்க வேண்டும். சிறுநீரில் கிருமி இருக்கும்போது முதுகில் உலோகம் வைக்கக் கூடாது. லேடெக்ஸ் (ரப்பர் கையுறைப் பொருள்) அலர்ஜி பற்றியும் சொல்லிவிடுங்கள். பிள்ளையின் எடையையும் சேர்த்துத்தான்.

நீட்டுவதெல்லாம் முடிந்த பின் கம்பியை எடுத்துவிடலாமா?

எடுத்துவிட்டுச் சும்மா விட்டால் வளைவு திரும்பக்கூடும். பெரும்பாலும் கடைசியில் ஒரு பியூஷன் இருக்கும். முதுகு நல்ல நிலையில் தானாக ஒட்டியிருந்து, கம்பியும் தொந்தரவு செய்யவில்லை என்றால் அப்படியே விட்டுவிடுவதும் உண்டு.