திருப்பத்தில் அலறும் மோட்டார்: கோத்தகிரி நண்பருக்கு

வணக்கம். தொண்டியில் நிறுத்தியுள்ள உங்கள் 14 அடி ஃபைபர் படகு நேராக ஓடும்போது சரியாக இருப்பதாகவும், திருப்பினால் மோட்டார் அலறி வேகம் விழுவதாகவும் எழுதியிருந்தீர்கள். மோட்டார் பின்பலகையில் (படகின் பின்புறம் மோட்டார் மாட்டும் பலகை) உயரமாகப் பொருத்தப்பட்டிருப்பதால், திருப்பத்தில் படகு சாயும்போது புரொப்பெல்லர் மேற்பரப்புக் காற்றை இழுத்துப் பிடிமானமின்றிச் சுழல்கிறது என்றே கருதுகிறேன்.

புரொப்பெல்லருக்கு மேலுள்ள தட்டையான தகடு படகின் அடிப்பாகத்துக்கு நேராகவோ, அதிகபட்சம் 25 மி.மீ. மேலாகவோ இருக்குமாறு வைத்துத் தொடங்குங்கள். நீண்ட, நேரான சட்டம் ஒன்றை அடிப்பாகத்தோடு ஒட்டிப் பின்னோக்கி நீட்டினால் வித்தியாசம் தெரிந்துவிடும். பின்பலகை 20 அங்குலமும் மோட்டார்த் தண்டு 15 அங்குலமும் என்றால், போல்ட் துளையை மாற்றி மோட்டாரை இறக்கிப் பயனில்லை, நீண்ட தண்டு மோட்டாரே தேவை. அளவுக்கு மீறி இறக்கினால் இழுவையும் நீர்த்தெறிப்பும் கூடும். எனினும் மோட்டார் உயரமாக இருப்பதே அதிக ஆபத்தானது, ஏனெனில் குளிரூட்டும் நீர் நுழையும் துளை வெளியே வந்தால் எஞ்சின் சூடேறிக் கெடும். சோதனை ஓட்டத்தில் மோட்டாரிலிருந்து வெளியேறும் குளிரூட்டும் நீர்த்தாரை தடையின்றி வருகிறதா என்று பாருங்கள்.

கோத்தகிரியில் மெல்லிய மலைக்காற்றுக்கு ஏற்ப கார்புரேட்டர் ஜெட்டை (எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் நுண்துளைப் பாகம்) மாற்றியிருந்தால், கடல்மட்டத்தின் அடர்ந்த காற்றில் எரிபொருள் போதாமல் போகும். முதலில் பழைய ஜெட்டையே பொருத்துங்கள். விடுபடும் போல்ட் துளைகளைக் கடல்நீர் தாங்கும் பசையால் அடைக்க மறவாதீர்கள்.