கிட்: எது பொது, எது சொந்தம்? கேள்வி பதில் (கிட் என்பது நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து குழுவோடு பகிர உதவும் மென்பொருள்)

தென்காசி: அண்ணாச்சி, '.என்வி' கோப்பின் (கடவுச்சொல் போன்ற அமைப்புகள் இருப்பது) பெயரைக் கிட்இக்னோரில் (கிட் விலக்க வேண்டிய கோப்புகளின் பட்டியல்) எழுதியும் ஒவ்வொரு கமிட்டிலும் (மாற்றங்களின் பதிவு) வருகிறதே?

பதில்: ஏற்கெனவே கமிட் ஆன கோப்பைக் கிட்இக்னோர் கண்டுகொள்ளாது. 'கிட் ஆர்எம் --கேஷ்டு' கொடுத்துக் கிட்டின் கண்காணிப்பிலிருந்து நீக்கிக் கமிட் செய்யுங்கள்; உங்கள் கணினியில் கோப்பு இருக்கும். ஆனால் அந்தக் கமிட்டைப் 'புல்' செய்யும் (தம் கணினிக்கு இழுக்கும்) கூட்டாளியின் கணினியிலிருந்து அது அழிந்துவிடும். நகல் எடுத்துக்கொள்ள முன்பே சொல்லிவிடுங்கள். கடவுச்சொல்லோடு 'புஷ்' ஆகி (குழுவின் பொதுக் களஞ்சியத்துக்குப் போய்) இருந்தால், முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவது. பழைய கமிட்டில் அது கிடக்கிறது.

சேரன்மகாதேவி: என் குறிப்புக் கோப்புகளைக் கிட்இக்னோரில் சேர்த்ததற்குக் குழுவில் சண்டை.

பதில்: வராதா பின்னே? கன்னடியன் கால்வாய் போல கிட்இக்னோர் பலருக்குப் பொது. உங்கள் வயலுக்காக மடையை மாற்றக் கூடாது. '.கிட்' அடைவுக்குள் 'இன்ஃபோ/எக்ஸ்க்ளூட்' கோப்பு இருக்கிறது. அதில் எழுதினால் யாருக்கும் போகாது.

நாங்குநேரி: கமிட் ஆன கோப்பை இக்னோர் செய்வது எப்படி?

பதில்: தென்காசிக்குச் சொன்னதைப் படியுங்கள். கடவுச்சொல்லையும் பாருங்கள்.

வள்ளியூர்: எடிட்டர் அமைப்புகளைப் பகிரலாமா?

பதில்: '.ஐடியா' அடைவில் (ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்கள் அமைப்புகளை வைக்கும் இடம்) நிரல் எழுதும் நடை விதிகளைப் பகிரலாம். 'வொர்க்ஸ்பேஸ்.எக்ஸ்எம்எல்' வேண்டாம், நீங்கள் எந்தக் கோப்பைத் திறந்து வைத்தீர்கள் என்பது மற்றவருக்கு எதற்கு?

சங்கரன்கோவில்: தவறு அண்ணாச்சி. நான் விம் என்ற வேறு எடிட்டர் வைத்திருக்கிறேன், எனக்கு எதற்கு அந்த அடைவு? முழுவதையும் விலக்குங்கள்.

பதில்: விலக்கினால் வரியின் தொடக்கத்தில் ஒருவர் 2 இடைவெளி, இன்னொருவர் 4 என்று ஒவ்வொரு கமிட்டும் வெறும் இடைவெளி மாற்றத்தால் நிரம்பும்.

சங்கரன்கோவில்: அதற்கு எல்லா எடிட்டருக்கும் பொதுவான 'எடிட்டர்கான்ஃபிக்' கோப்பு போதுமே.

பதில்: இடைவெளிக்குப் போதும், ஒப்புக்கொள்கிறேன். சோதனையை ஓட்டும் அமைப்புகளை அதில் எழுத முடியாது தம்பி. அவற்றைப் புதிதாகச் சேர்பவர் ஒவ்வொருவரும் கையால் அமைக்கட்டும் என்கிறீர்களா?

வள்ளியூர்: இருவரும் என் கேள்வியை மறந்துவிட்டீர்கள்.

களக்காடு: 'அசூம்-அன்சேஞ்டு' (கோப்பு மாறவில்லை என்று கிட் எண்ணிக்கொள்ளும் குறி) போட்டால் உள்ளூர் மாற்றம் மறையும் என்கிறார்களே?

பதில்: கிட்டின் ஆவணமே அதற்காக அதைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. மாதிரிக் கோப்பை மட்டும் கமிட் செய்யுங்கள். அவரவர் நகலெடுத்து நிரப்பட்டும், நகலைக் கிட்இக்னோர் பார்த்துக்கொள்ளும். கடவுச்சொல்லை மாதிரியிலும் எழுதாதீர்கள்.

ஏர்வாடி: தமிழில் பெயரிட்ட கோப்புகள் கிட் ஸ்டேட்டஸில் (மாறிய கோப்புகளைக் காட்டும் கட்டளை) எண்களாக வருகின்றன. பெயர் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை, நல்ல கேள்வி. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு 3 பைட். ஆஸ்கிக்கு (ஆங்கில எழுத்துகளுக்கான பழைய குறியீடு) வெளியே உள்ள பைட்டைக் கிட் எண்மத்தில் (எட்டை அடியாகக் கொண்ட எண்களில்) காட்டும். 'அ' என்பது \340\256\205 ஆகிவிடும். 'கோர்.க்வோட்பாத்' (core.quotePath) அமைப்பை 'ஃபால்ஸ்' (false) ஆக்குங்கள், தமிழ் தெரியும். இந்த அமைப்பு கமிட்டில் போகாது. குழுவில் ஒவ்வொருவரும் தம் கணினியில் கொடுக்க வேண்டும்.