17 வயதுப் பெண்ணின் கருக்கலைப்பு: போலீஸுக்குப் பெயர் தர வேண்டுமா?

உங்களிடம் கருக்கலைப்புக்கு வந்திருக்கும் 17 வயதுப் பெண்ணைப் பற்றிப் போலீஸுக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும், டாக்டர். ஆனால் பெண்ணின் பெயரைக் கொடுக்க வேண்டியதில்லை. அந்தத் தாய் "போலீஸ் மட்டும் வேண்டாம்" என்று கெஞ்சுவதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பயம் நியாயமானது, அதற்கு வழியும் இருக்கிறது.

18 வயதுக்குட்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு தகவல் தருவதைக் கட்டாயமாக்குகிறது. மறைத்தால் 21ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பையனுக்கு 19 வயதுதான், விரும்பிப் பழகினார்கள் என்பதெல்லாம் இந்தக் கடமையை மாற்றாது. ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் அந்தத் தகவலில் அவள் அடையாளத்தைச் சொல்லத் தேவையில்லை என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயர் வெளியே வருமோ என்று பயந்து பிள்ளைகள் போலி மருத்துவரிடம் போய்விடக் கூடாதே!

ஸ்டேஷனில் பெயர் இல்லாமல் வாங்க மறுத்தார்கள் என்றால், இந்தத் தீர்ப்பு அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நகலை இணைத்து எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். தாயும் மகளும் கேட்டுக்கொண்டதையும் எழுதி வாங்கி வையுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், தாயை வெளியே உட்காரவைத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசுங்கள். மிரட்டலோ, வீட்டு ஆளோ பின்னால் இருந்தால் பெயரை மறைப்பது அவளுக்குப் பாதுகாப்பே இல்லை.

ஒன்று கவனம்: தீர்ப்பு பேசியது கருக்கலைப்புக்கு வருபவர்களைப் பற்றி. அவள் குழந்தையைப் பெற்றுக்கொள்ள முடிவெடுத்தால், முதலில் ஒரு வக்கீலைக் கேளுங்கள்.