கால்பந்து கேள்வி பதில்: மேலாளர் கிளம்பினார், சாவி யாரிடம்?

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சங்கதியைச் சுற்றியே இருந்தன. மேலாளர், அதாவது தலைமைப் பயிற்சியாளர், போனதும் அணி சரிந்தால் பழி போனவர் மேலா, இருப்பவர்கள் மேலா? இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: 2013-ல் மேலாளர் பெர்குசன் போனதிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட் எழுந்திருக்கவே இல்லை. "அவரு நிழல் பெருசு, அதுக்குக் கீழ எதுவும் முளைக்காது" என்கிறார் எங்கள் காக்கா (அண்ணன்). நிர்வாகம்தான் காரணம் என்பது என் கட்சி. யார் சொல்வது சரி?
– கீழக்கரை வாசகர்

பதில்: உங்கள் கட்சிக்கே ஓட்டு. ஆனால் காக்கா சொல்வதையும் அப்படியே தள்ளிவிட முடியாது.

2012-13-ல் யுனைடெட் 89 புள்ளிகளோடு, இரண்டாமிடத்தைவிட 11 அதிகம் எடுத்து இங்கிலாந்து லீக் பட்டம் வென்றது. அடுத்த ஆண்டு ஏறக்குறைய அதே ஆட்களோடு 64 புள்ளிகள், ஏழாமிடம். பெர்குசன் விட்டுப்போன அணியின் வயதைப் பாருங்கள். கிக்ஸ் 39, ஃபெர்டினாண்ட் 34, எவ்ரா 32, விடிச், கேரிக் இருவரும் 31. ஸ்கோல்ஸ் அப்போதே ஓய்வு. புதுப்பிக்க வேண்டிய அணியை வைத்து வான் பெர்சியின் கோல்களால் கடைசிப் பட்டத்தை இழுத்து வந்தார் பெர்குசன். கடன் அடுத்தவர் தலையில் விழுந்தது. அவர் பங்கு அவ்வளவுதான்.

மீதி நிர்வாகத்தின் கணக்கு. வீரர்களை வாங்கும் பேரத்தைப் பல ஆண்டுகள் நடத்திய தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் அதே கோடையில் விலகினார். அவர் இடத்துக்கு வந்த எட் உட்வர்ட் வணிகப் பக்கத்து ஆள். விளைவு உடனே தெரிந்தது. எவர்ட்டனின் ஃபெலெய்னியை ஜூலை மாதக் கடைசிக்குள் 2 கோடியே 35 லட்சம் பவுண்டுக்கு எடுக்க ஒப்பந்தத்திலேயே வழி இருந்தது. அதைக் கோட்டை விட்டு, வீரர்களை வாங்கும் சந்தை மூடும் நாளில் 2 கோடியே 75 லட்சம் கொடுத்தார்கள். அந்தக் கோடையில் வந்த ஒரே பெரிய ஆளும் அவர்தான். புது மேலாளர் மோய்ஸோ தன் பங்குக்கு ஃபெலன், மியூலன்ஸ்டீன், கோல்கீப்பர் பயிற்சியாளர் ஸ்டீல் மூவரையும் போகவிட்டுத் தன் ஆட்களைக் கொண்டுவந்தார். மேலாளர், நிர்வாகி, உதவிப் பயிற்சியாளர்கள் என்று அந்த கிளப்பை உள்ளும் புறமும் அறிந்த மூன்று தரப்பும் ஒரே கோடையில் வெளியே. இதை அனுமதித்தவர் மோய்ஸ் இல்லை. ஆறு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்து பத்தே மாதத்தில் அனுப்பியவர்கள்.

நிழல்தான் காரணம் என்றால் ஆண்டு போகப்போக அது சுருங்கியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. பெர்குசன் போய்ப் பன்னிரண்டாவது ஆண்டான 2024-25-ல்தான் 42 புள்ளிகளோடு பதினைந்தாமிடம். வீரர்களை எடுப்பதைக் கவனிக்கும் கால்பந்து இயக்குநர் என்ற நாற்காலியே 2021 மார்ச்சில்தான் போடப்பட்டது. அதுவரை ஒவ்வொரு மேலாளரும் தனக்குப் பிடித்த மாதிரி ஆள் கேட்டார், கிளப் பாதி வாங்கிக் கொடுத்தது, அவர் போனதும் அந்தப் பாதி அடுத்தவருக்குச் சுமையாயிற்று. ராங்னிக்கை இடைக்கால மேலாளராக அழைத்தபோது, அதற்குப்பின் இரண்டு ஆண்டு ஆலோசகர் என்றார்கள். அந்தப் பகுதி தொடங்காமலே முடிந்தது. 2024 ஜூலையில் மேலாளர் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டி, அக்டோபர் 28-ல் அனுப்பினார்கள். அவரையும் அவர் குழுவையும், ஐந்தே மாதம் இருந்த விளையாட்டு இயக்குநர் ஆஷ்வொர்த்தையும் மாற்றிய செலவு கிளப் கணக்கிலேயே 1 கோடியே 45 லட்சம் பவுண்ட். அதன்பின் நான்கு பேர் தடுப்புக்காக வாங்கிய அணியை, மூன்று மையத் தடுப்பாட்டக்காரர்களோடு ஆடவைக்கும் புது மேலாளர் அமோரிமிடம் நடு சீசனில் ஒப்படைத்தார்கள். 2005-ல் கிளேசர் குடும்பம் கிளப்பை வாங்கிய கடன் கிளப் தலையிலேயே ஏறியது இத்தனைக்கும் அடியில் இருக்கிறது.

பெர்குசன் இயக்குநராக மாடத்தில் உட்கார்ந்திருக்க, கோல் விழுந்ததும் தொலைக்காட்சி அவர் முகத்தைக் காட்டியதை காக்கா மறந்திருக்க மாட்டார். அது மோய்ஸுக்குச் சங்கடம்தான். ஆனால் ஃபெலெய்னிக்கு 40 லட்சம் பவுண்ட் கூடுதலாகக் கொடுக்கச் சொன்னது அந்த முகம் இல்லை.

கேள்வி: அப்படியென்றால் லிவர்பூலில் க்ளாப் போன மறு வருஷமே ஸ்லாட் கோப்பை தூக்கினாரே. மேலாளர் யாராக இருந்தாலும் ஒன்றுதானா?
– தங்கச்சிமடம் வாசகர்

பதில்: இல்லை. க்ளாப் போவதை அறிவித்த தேதி 2024 ஜனவரி 26. தேட நான்கு மாதம் கிடைத்தது. மார்ச்சில் மைக்கேல் எட்வர்ட்ஸ் உரிமையாளர் நிறுவனத்தின் கால்பந்துத் தலைவராகத் திரும்பினார், ரிச்சர்ட் ஹியூஸ் விளையாட்டு இயக்குநரானார், அதன்பின்தான் மேலாளரைத் தேர்ந்தார்கள். மேலே இருந்து கீழே நிரப்பிய வரிசை அது. அணியைக் கலைக்காமல் வேலை பார்க்கக்கூடியவர் என்பதால்தான் நெதர்லாந்தின் ஃபெய்னூர்ட் கிளப்பிலிருந்து ஸ்லாட். மக்காலிஸ்டர், சோபோஸ்லாய், எண்டோ, கிராவன்பெர்க் என்று நடுக்களத்தை க்ளாப் 2023-லேயே புதுப்பித்துவிட்டுப் போனார். பெர்குசன் செய்யாமல் போனது அதுதான். 2024 கோடையில் அந்த சீசனுக்கென்று வந்து சேர்ந்த முதல் அணி ஆள் கியேசா ஒருவரே. 2025 ஏப்ரல் 27-ல் டோட்டனமை 5-1 என்று அடித்து, நான்கு ஆட்டம் மீதியிருக்கப் பட்டம்.

அங்கேயும் ஓட்டை இருந்தது. எட்வர்ட்ஸ் 2022-ல் விலகியபின் விளையாட்டு இயக்குநர் நாற்காலி இரண்டு ஆண்டில் இரண்டு கை மாறியது. அந்த இடைவெளியில் சாலா, வான் டைக், அலெக்சாண்டர்-ஆர்னால்ட் மூவரின் ஒப்பந்தமும் ஒரே கோடையில் முடியும்படி விட்டுவிட்டார்கள். முதல் இருவர் 2025 ஏப்ரலில் கையெழுத்திட்டார்கள். மூன்றாமவர் ரியால் மாட்ரிட் போனார். ஊரிலேயே வளர்ந்த ஆளுக்கு உரிய விலை வரவில்லை. எந்த கிளப்பையும் எடைபோட இது நல்ல வழி: முதல் பதினொரு பேரில் எத்தனை பேருக்கு ஒப்பந்தம் 18 மாதத்துக்குள் முடிகிறது என்று எண்ணுங்கள். மூன்றைத் தாண்டினால் மேலாளரைத் திட்டுவதை நிறுத்திவிட்டு அலுவலகத்தைப் பாருங்கள்.

கேள்வி: போவதாக இருந்தால் சீசன் முடிந்து சொல்வதுதானே மரியாதை?
– ஏர்வாடி வாசகர்

பதில்: முன்கூட்டிச் சொல்வதே மரியாதை. பயிற்சியாளர் சாபி அலோன்சோ ஜெர்மனியின் லெவர்குசன் கிளப்பை விட்டுப் போவது 2025 மே 9-ல் வெளியானது. விர்ட்ஸ், ஃப்ரிம்பாங், டா, ஷாக்கா என்ற நான்கு வீரர்களும் அதே கோடையில் போனார்கள். அவசரமாக அழைக்கப்பட்ட டென் ஹாக் இரண்டே பண்டஸ்லிகா (ஜெர்மன் லீக்) ஆட்டத்தில் வெளியேற்றப்பட்டார், செப்டம்பர் 1-ல். நம்பிக்கை அவ்வளவு மெல்லியதாக இருந்தால் ஜூலையில் ஏன் சாவியைக் கொடுத்தார்கள் என்பது அலோன்சோவிடம் கேட்க வேண்டிய கேள்வி இல்லை.

கேள்வி: சென்னையின் எஃப்.சி. ஐ.எஸ்.எல்.-ல் (இந்தியன் சூப்பர் லீக்) இரண்டு முறை சாம்பியன். பிறகு ஏன் இப்படி? கோச் ராசி இல்லையா?
– தொண்டி வாசகர்

பதில்: 2015-ல் மட்டெராசி, 2017-18-ல் ஜான் கிரகரி. பட்டம் வென்ற மறு சீசனிலேயே கிரகரியின் அணி கடைசி இடம். 2019 நவம்பரில் அவர் விலக, டிசம்பரில் ஓவன் காய்ல் வந்தார். விழுந்து கிடந்த அணியை 2020 மார்ச் இறுதிப்போட்டி வரை கொண்டுபோனார், ஏ.டி.கே.யிடம் 3-1 தோல்வி. இங்கேதான் கவனிக்க வேண்டும். அந்தக் கோடையில் காய்ல் ஜாம்ஷெட்பூர் போனபோது, அந்த சீசனில் 15 கோல் அடித்த வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். 2021-22-ல் காய்ல் ஜாம்ஷெட்பூருக்கு லீக் சுற்றில் முதலிடத்துக்கான ஷீல்டை வாங்கிக் கொடுத்தார். சென்னையிலோ லாஸ்லோ, பந்தோவிச், இடைக்காலத்துக்கு சபீர் பாஷா, பிர்தாரிச் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்க, மூன்று சீசனும் எட்டாமிடம். 2023-ல் அதே காய்லைத் திரும்ப அழைத்தார்கள்: ஒரு ஆண்டு ஆறாமிடம், அடுத்த ஆண்டு பதினொன்று.

ராசியில் என்ன இருக்கிறது? களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர் இறங்கலாம். பெரும்பாலும் அந்த நால்வர்தான் அணியின் முதுகெலும்பு. அவர்களுக்கு ஓராண்டு ஒப்பந்தம் போட்டு, தேர்வையும் வரும் பயிற்சியாளரிடமே விட்டால், ஒவ்வொரு முறை அவர் மாறும்போதும் முதுகெலும்பு கழன்றுவிடும். ஆள் தேடும் குழு கிளப்பின் சம்பளத்தில் இருக்க வேண்டும், பயிற்சியாளரின் தொலைபேசியில் இல்லை. வெளிநாட்டவரில் இருவருக்காவது இரண்டு ஆண்டு ஒப்பந்தம் வேண்டும்.

மேலிடத்தையும் விட்டுவிடக் கூடாது. ஐ.எஸ்.எல். நடத்தும் உரிமை ஒப்பந்தம் 2010 டிசம்பரில் 15 ஆண்டுக்குப் போடப்பட்டது. 2025 டிசம்பர் 8-ல் முடியும் என்று பதினைந்து வருஷமாகத் தெரிந்த தேதி. அதைப் புதுப்பிக்காமல் இழுத்தடித்து 2025 ஜூலையில் லீக்கே நிறுத்தி வைக்கப்பட்டது. அடுத்த சம்பளம் எப்போது என்று தெரியாத வீரரிடம் எந்தப் பயிற்சியாளர் என்ன ஆட்டம் சொல்லிக் கொடுப்பார்?

கேள்வி: "பரஸ்பர சம்மதத்துடன் பிரிந்தோம்" என்று அறிக்கை விடுகிறார்களே, அதற்கு என்ன பொருள்?
– மண்டபம் வாசகர்

பதில்: பெரும்பாலும், பணத்தைப் பேசி முடித்தோம் என்று பொருள். ஃபிஃபா விதிகளில் 2021 முதல் பயிற்சியாளர்களுக்கென்று தனி இணைப்பு இருக்கிறது. நியாயமான காரணமின்றி நீக்கினால் மீதி ஒப்பந்தக் காலத்துச் சம்பளத்தைத் தர வேண்டும். அதே காலத்தில் அவர் வேறு வேலைக்குப் போனால் அந்த வருமானம் கழியும். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றால் 15 நாள் அறிவிப்பு கொடுத்துவிட்டு அவரே விலகலாம், நஷ்டஈடும் கேட்கலாம். தீர்ப்பான தொகையைக் கட்டாத கிளப்புக்குப் புது வீரர்களைப் பதிவு செய்யத் தடை வரும். இந்த வம்பெல்லாம் வேண்டாம் என்று இருதரப்பும் ஒரு தொகையில் நின்றால் அதுதான் பரஸ்பர சம்மதம்.

கேள்வி: கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர்கள் நிர்வாகத்தை எதிர்த்து டிக்கெட் வாங்க மாட்டோம் என்றார்கள். இவான் இருந்தவரை இந்தக் கோபம் இல்லையே?
– பெரியபட்டினம் வாசகர்

பதில்: பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் 2021-ல் வந்து மூன்று சீசனும் பிளே-ஆஃப் போனார், ஒருமுறை இறுதிப்போட்டியில் ஹைதராபாத்திடம் பெனால்டியில் தோற்றார். கோப்பை ஒன்றும் இல்லை. ஆனாலும் ரசிகர்களுக்கும் கிளப்புக்கும் நடுவே கோபத்தைத் தாங்கும் ஆளாக இருந்தார். 2023 மார்ச் 3-ல் பெங்களூருவில் சேத்ரியின் ஃப்ரீ கிக்கை எதிர்த்து அணியையே வெளியே கூட்டிப் போனதில் கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், அவருக்குப் பத்து ஆட்டத் தடை. அது தவறான முடிவு, ரசிகர்கள் கொண்டாடினாலும் தவறுதான். 2024 ஏப்ரலில் அவர் போன பிறகு அந்த ஆண்டின் அதிக கோல்காரர் டியாமண்டகோஸும் ஜீக்சன் சிங்கும் ஈஸ்ட் பெங்கால் போனார்கள். ஈடான ஆட்கள் வரவில்லை. அடுத்து வந்த ஸ்டாரே டிசம்பரிலேயே நீக்கம். நடுவில் தாங்க ஆள் இல்லாததால் கோபம் நேரே நிர்வாகத்தின் மேல் விழுந்தது, விழ வேண்டிய இடமும் அதுதான். டிக்கெட்டை நிறுத்துவது வலிக்கும். "நிர்வாகமே வெளியேறு" என்பதைவிட, "ஆள் தேடும் பொறுப்பு யாருடையது, பெயரைச் சொல்" என்று கேட்டால் இன்னும் வலிக்கும்.

கேள்வி: எங்கள் ஊர் அணிக்கு ஒன்பது ஆண்டாகக் கோச்சாக இருந்த அண்ணன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறார். கமிட்டியில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. என்ன செய்ய வேண்டும்?
– பாம்பன் வாசகர்

பதில்: ஆறு வாரம் இருந்தால் போதும். விசைப்படகுத் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாளுக்குள் இதை வைத்துக்கொண்டால் பையன்கள் எல்லோரும் கரையில் இருப்பார்கள்.

முதல் வாரம் அண்ணனை உட்காரவைத்து ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்: பிறந்த தேதி, சான்றிதழ் நகல், இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பதிவு எண், எந்தக் கால், எந்த இடம், பழைய காயம், வேலை. விசைப்படகில் போகிறவரா, நாட்டுப்படகா என்பதை அவசியம் எழுத வேண்டும். ராமேசுவரத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும், நாட்டுப்படகு மற்ற நாள்களில். யாரை எந்த நாள் பயிற்சிக்குக் கூப்பிடலாம் என்ற அட்டவணை இத்தனை காலம் அண்ணன் தலைக்குள்தான் இருந்திருக்கும். அது தெரியாமல் வரும் புதியவர், இரவெல்லாம் வலை இழுத்த பையனை ஓடவிட்டுத் தொடை நரம்பைப் பிடிக்க வைப்பார்.

இரண்டாவது, பெயர் மாற்ற வேண்டியவை. மைதானத்துக்கு அனுமதி அவரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லப்பட்டதா? பள்ளியோ ஊர்க் கமிட்டியோ, தலைவர் பெயரில் கடிதம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் அனுப்பும் பணம் அவர் சொந்தக் கணக்குக்கு வந்துகொண்டிருந்தால், சங்கத்தின் பெயரில் இருவர் கையெழுத்துக் கணக்குக்கு மாற்றுங்கள். சங்கம் பதிவாகவில்லையா? 1975-ம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும். கமிட்டியின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. வாட்ஸ்அப் குழுவுக்கு இன்னும் இருவரை அட்மின் ஆக்குங்கள். போட்டி அழைப்புகள் எல்லாம் அவர் எண்ணுக்கே வரும், அந்த எண்ணும் ஊரை விட்டுப் போய்விடும்.

மூன்றாவது வாரத்திலிருந்து உதவியாளர் பயிற்சி நடத்தட்டும். அண்ணன் கோட்டுக்கு வெளியே நிற்கட்டும், வாயைத் திறக்கக் கூடாது. பையன்கள் உதவியாளரைப் பார்க்காமல் அண்ணன் முகத்தையே பார்த்தால் ஐந்தாவது வாரம் அவர் வரவே வேண்டாம். கடைசி வாரம் சாமான் கணக்கு. பந்துகளை எண்ணுங்கள், காற்றழுத்தம் 0.6 பாருக்குக் (bar) கீழே இறங்கியவற்றையும் வால்வு உப்பில் இறுகியவற்றையும் தனியே எடுங்கள். இரும்புக் கம்பங்களின் அடிப்பகுதியை மண்ணைத் தோண்டிப் பாருங்கள். கடலோரத்தில் துரு முதலில் தின்பது அங்கேதான், வடகிழக்குப் பருவமழைக்கு முன் பெயின்ட் அடித்தாக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அண்ணன் இருந்தவரை "என் மகனை இறக்கு" என்று கேட்கப் பயந்த கமிட்டி உறுப்பினர்கள் புதியவரிடம் முதல் ஆட்டத்திலேயே கேட்பார்கள். ஆள் தேர்வு கோச்சிடம், பணம் கமிட்டியிடம் என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கேள்வி: போகிறவரே அடுத்த கோச்சைச் சொல்லிவிட்டுப் போகலாமா?
– தேவிபட்டினம் வாசகர்

பதில்: இரண்டு மூன்று பெயர் சொல்லலாம். முடிவை மற்றவர்கள் எடுக்க வேண்டும். மோய்ஸைக் காட்டியவர் பெர்குசன். மே 8-ல் ஓய்வு அறிவிப்பு, மே 9-ல் மோய்ஸ் பெயர். சொல்லப்படும் ஒவ்வொருவரையும் ஒரு பயிற்சி நடத்தச் சொல்லி, அதை கமிட்டியில் மூவர் முழுதாக நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.