எல்லாத் தாளிலும் ‘மிக நன்று’ என்றே வந்தால்

பயிற்சிக்குப் பின் நிரப்பும் கருத்துப் படிவத்திலிருந்து பெயரையும் பணியாளர் எண்ணையும் முதலில் எடுத்துவிடுங்கள். பாலியல் துன்புறுத்தல் தடுப்புப் பயிற்சி முடிந்து அத்தனை பேரும் ‘மிக நன்று’ என்று எழுதியதாகச் சொல்கிறீர்கள். தாளை வாங்கி அடுக்குபவரே மேற்பார்வையாளர் என்றால் வேறென்ன எழுதுவார்கள்?

‘பயிற்சி பிடித்ததா’ என்பதை விட்டு, ‘புகாரை யாரிடம், எத்தனை மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்?’ என்று கேட்டுப் பாருங்கள். இந்தியாவின் 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, நிறுவனத்துக்குள்ளேயே இதற்காக அமைக்கப்படும் உள்ளகப் புகார் குழுவிடம், பொதுவாகச் சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள். பாதிப் பேர் மேலாளர் பெயரை எழுதினால் குறை பயிற்சியில்தான். (தேநீரும் சமோசாவும் நன்றாகவே இருந்திருக்கலாம்.)

ஒரு எச்சரிக்கை: பெயரில்லாத் தாளில் யாராவது உண்மைச் சம்பவத்தை எழுதினால், அதுவே சட்டப்படியான புகார் ஆகிவிடாது. கையெழுத்தை வைத்து ஆளைத் தேடாதீர்கள். குழு உறுப்பினர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.