38 டிகிரி சரிவில் ஒரு திராட்சைத் தோட்டம்

வணக்கம்.

ஜப்பானில் அஷிகாகா மலைச்சரிவில் இருக்கும் கோகோ ஃபார்ம் ஒயினரி பற்றி நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கம்பம் பக்கத்தில் எங்களுக்குப் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. 1958இலிருந்து அந்தச் சரிவில் களைக்கொல்லி தெளித்ததே இல்லை என்ற வரி வந்ததும் அப்பா நிறுத்தச் சொன்னார். “நாலு நாள் சேர்ந்தாற்போல மழை பெய்தால் நான் மருந்து அடிக்கக் கிளம்பிவிடுவேன். அவர்கள் ஊரில் மழையே கிடையாதா?” என்று கேட்டார். எனக்கு வேறொரு கேள்வி. அங்கே வேலை செய்பவர்கள் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் என்று எழுதியிருந்தீர்கள். வசதியானவர்கள் குடிக்கும் இயற்கை ஒயினுக்காக அவர்களை மலையேற்றி வேலை வாங்குவது சரியா?

ஆர்., கம்பம்

அன்புள்ள ஆர்.,

அப்பாவின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மழை உண்டு, தாராளமாகவே உண்டு. ஜூன், ஜூலையில் ‘ட்சுயு’ என்று ஒரு மழைக்காலம். அது ஓய்ந்து பழம் நிறம் மாறி வரும்போது புயல்கள் தொடங்கிவிடும். திராட்சைக்கு இதைவிட மோசமான பருவம் வேண்டியதில்லை. நான் எழுதியது களைக்கொல்லியைப் பற்றி மட்டும்தான். பூஞ்சைக்கு எதையுமே தெளிக்காமல் ஜப்பானில் ஒயின் திராட்சையைக் காப்பாற்றுவது மிக மிகக் கடினம். அங்குள்ள இயற்கை வேளாண் விதிகளே போர்டோ கலவையை அனுமதிக்கின்றன. மயில்துத்தமும் சுண்ணாம்பும்தான், அப்பாவுக்குப் பழகிய சங்கதி.

ஆனால் மருந்து டப்பாவால் ஆகாத வேலை ஒன்று இருக்கிறது. ஜப்பானியத் தோட்டங்களை அதிகம் வாட்டும் கனி அழுகல் நோயின் பூஞ்சை, பழைய கொடியிலும், கொடி பற்றிக்கொள்ள விடும் சுருள் காய்ந்திருந்தால் அதிலும், வெட்டாமல் விட்ட காம்பிலும் குளிர்காலம் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த மழையில் சொட்டுச் சொட்டாகக் கொத்தின் மேல் இறங்கும். இதற்குக் கைவேலைதான் வழி. கவாத்து செய்யும்போதே கம்பியில் சுற்றியிருக்கும் காய்ந்த சுருளை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுக்க வேண்டும். அப்புறம் கோடையில் ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு காகிதக் குடை. காகிதத்தைக் காம்பைச் சுற்றித் தொப்பி மாதிரி கவிழ்த்து இறுக்கிவிடுவார்கள். மழைச்சொட்டு குடைமேல் விழுந்து வழிந்துவிடும், பழத்தைத் தொடாது. ஒரு கொத்துக்கு ஒரு குடை என்றால் ஒரு தோட்டத்துக்கு எத்தனை என்று அப்பாவே கணக்குப் போட்டுவிடுவார்.

இந்தக் கணக்கு கட்டுப்படியாகாததால்தான் பலர் மருந்துப் பக்கம் போகிறார்கள். அஷிகாகாவில் கட்டுப்படியானதற்குக் காரணம், அந்தத் தோட்டம் ஒயினுக்காகப் போட்டது அல்ல. உங்கள் கேள்விக்கும் இதில்தான் பதில் இருக்கிறது.

அந்தத் தோட்டத்தைப் போட்ட கவாடா நொபோரு ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியர். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் வகுப்பு அவருடையது. அந்தப் பிள்ளைகளின் கைகள் கைக்குழந்தையின் கை போல மெத்தென்று இருந்ததை அவர் கவனித்தார். பாவம், இவனால் என்ன முடியும் என்று வீட்டில் யாரும் ஒரு வேலையும் கொடுத்ததில்லை. இந்த இடத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பாசத்தாலேயே ஒரு பிள்ளையின் கையைப் பிடுங்கிக்கொள்ள முடியும். 1958இல் அவர் சொந்தப் பணத்தில் மலைச்சரிவை வாங்கி, அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து காட்டைத் திருத்தத் தொடங்கினார். சராசரிச் சரிவு 38 டிகிரி, கிட்டத்தட்ட வீட்டு மாடிப்படி மாதிரி. இயந்திரம் ஏறாது, மனிதர்தான் ஏற வேண்டும். களையையும் மனிதர்தான் எடுக்க வேண்டும். ஆனால் வெயில் நன்றாக விழும், தண்ணீர் தேங்காது. திராட்சைக்கு அது போதும்.

1969இல் அங்கேயே கொகோரோமி காகுஎன் என்ற இல்லம் வந்தது. ‘கொகோரோமி’ என்றால் முயன்று பார்ப்பது. ஒயினரி நிறுவனம் தொடங்கியது 1980இல்தான், அதுவும் பிள்ளைகளின் பெற்றோர் போட்ட முதலீட்டில். ஒயின் காய்ச்ச உரிமம் கிடைத்தது 1984இல். ஆக, பிள்ளைகள் கொடி நட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, அவர்களுக்கு வருஷம் முழுக்க வேலை இருக்க வேண்டும் என்று வந்ததுதான் ஒயின். மருத்துவம், பயிற்சி என்று பெயர் வைத்து உழைப்பைச் சுரண்டும் இடங்கள் உலகத்தில் உண்டு. அதனால் உங்கள் சந்தேகம் நியாயமானது, கேட்கத்தான் வேண்டும். நான் பார்ப்பது இந்த வரிசையை. இங்கே ஆள் முதலில் வந்தான், பொருள் பிறகு வந்தது.

அந்த மலையில் காக்கை விரட்டுவதே ஒரு முழுநேர வேலை. பழம் பழுக்கும் காலத்தில் ஒருவர் காலையிலேயே உச்சிக்குப் போய்விடுவார். கையில் ஒரு தகர டப்பா, ஒரு குச்சி. இருட்டும்வரை அதைத் தட்டிக்கொண்டே இருப்பார். வேறு எங்கேயாவது இந்த வேலையை வெடிச் சத்தம் எழுப்பும் கருவியிடம் கொடுத்திருப்பார்கள். இங்கே அதைச் சலிக்காமல் செய்ய ஒருவரால் முடிகிறது, அவருக்கு அது தன் வேலை என்று ஆகிவிட்டது. இயற்கை ஒயின் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் காதில் விழுவது அந்தத் தகரச் சத்தம்தான்.

இரக்கப்பட்டு வாங்குகிறவர் ஒரு முறைதான் வாங்குவார். இது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1989இல் புரூஸ் கட்லவ் என்ற அமெரிக்கர் ஒயின் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்க வந்து, பல வருஷம் தங்கிவிட்டார். கடையில் வாங்கும் ஈஸ்ட் இல்லாமல், திராட்சைத் தோலோடு வரும் ஈஸ்டிலேயே நொதிக்க விடும் முறை அங்கே நிலைத்தது. 2000இல் ஒகினாவாவில் நடந்த ஜி8 நாடுகளின் உச்சி மாநாட்டு விருந்தில் அவர்களுடைய நுரை ஒயின் பரிமாறப்பட்டது. அங்கே வேலை பழகிய தகாஹிகோ சோகா 2010இல் ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் யோய்ச்சியில் சொந்தமாக இயற்கைத் தோட்டம் போட்டார். இன்று அவருடைய பினோ நுவார் என்ற சிவப்பு ஒயினுக்கு வெளிநாடுகளிலும் ஆள் காத்திருக்கிறார்கள்.

அப்பாவுக்கு ஒரு செய்தி. அஷிகாகாவில் விளையும் ரகங்களில் ஒன்று மஸ்கட் பெய்லி ஏ. ஜப்பானின் மழைக்குத் தாங்கும் ஒயின் திராட்சை வேண்டும் என்று நீகாதாவில் கவகாமி ஜென்பெய் என்பவர் ஏறக்குறைய பத்தாயிரம் கலப்புகள் செய்து பார்த்தார். அதில் 1927இல் கிடைத்தது இது. பெற்றோர் ரகங்களில் பெய்லி ஒரு பக்கம், மஸ்கட் ஹாம்பர்க் மறுபக்கம். மஸ்கட் ஹாம்பர்க் வேறு எதுவும் இல்லை, உங்கள் பந்தலில் தொங்கும் பன்னீர் திராட்சைதான்.

அந்தக் காகிதக் குடையை அடுத்த மழைக்கு முன் நாலு கொடிக்கு மட்டும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இலையில் வரும் அடிச்சாம்பல் நோயை அது தடுக்காது, கொத்தைத்தான் காக்கும். என்ன ஆனது என்று எழுதுங்கள்.