100 வாட் பல்பும் பளபள டேஷ்போர்டும்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே காரைச் சுற்றித்தான். மழைக்காலம் வந்தால் ஹெட்லைட் நினைவுக்கு வரும், கார் கண்ணாடிகளை ஏற்றியே ஓட்டுவதால் உள்ளே இருக்கும் வாடையும் நினைவுக்கு வரும். இரண்டையும் கலந்தே பார்ப்போம்.

கேள்வி: பத்து வருடமாக ஓட்டும் சின்னக் கார். இடது ஹெட்லைட் பல்பு போய்விட்டது. கடையில், "60/55 எதுக்கு சார், 100/90 போடுங்க, பகல் மாதிரி அடிக்கும்" என்கிறார். அடுத்த கடையில் எல்இடி போடச் சொல்கிறார்கள். எதை வாங்குவது?
– திருவண்ணாமலை வாசகர்

60/55-ஐயே வாங்குங்கள். அதுதான் உங்கள் வண்டிக்குக் கம்பெனி கொடுத்த அளவு.

நீங்கள் சொல்வது எச்4 வகை பல்பு. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள் இருக்கும். பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். 12 வோல்ட் கணக்கில் 60 வாட் இழை 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் என்றால் 8 ஆம்பியரைத் தாண்டிவிடும். "கொஞ்சம்தானே கூடுகிறது" என்று தோன்றும். ஆனால் ஒயரிலும் ஹோல்டரிலும் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய மூன்று மடங்கு சூடு. பத்து வருடப் பழைய ஒயர் அதைத் தாங்குமா?

நானும் இந்தத் தப்பைச் செய்தவன்தான். முதல் இரண்டு மாதம் ஊரே என் காரைத்தான் பார்க்கிறது என்று பெருமை. அப்புறம் ஒரு நாள் பல்பைக் கழற்றப் போனால் ஹோல்டர் பழுப்பேறி, உருகி, பல்பின் கால்களோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பல்புக்குக் கொடுத்ததைப் போலப் பல மடங்கு ஒயரிங்குக்குக் கொடுத்தேன். ரிலே, அதாவது பேட்டரியிலிருந்து பல்புக்கு நேராக மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச், வைத்த ஒயரிங் கிட் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். ஒயர் தப்பிக்கும், உண்மைதான். ஆனால் விளக்குக்குள் இருக்கும் ரிஃப்ளெக்டர் அந்தச் சூட்டில் கருத்துப்போகும். எதிரே வருகிற பைக்காரருக்குக் கண் கூசுவதும் குறையாது.

எல்இடி விஷயம் வேறு. ஹெட்லைட்டின் உள் வளைவு, இழை எந்த இடத்தில் இருக்கும் என்பதை மில்லிமீட்டர் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டது. எல்இடியில் வெளிச்சம் வருகிற இடமும் வடிவமும் வேறு. அதனால் பல மாற்று பல்புகளில் வெளிச்சம் சாலையில் விழ வேண்டிய இடத்தில் விழாமல் மரத்து மேலேயும் எதிராளி முகத்திலேயும் சிதறும். ஓட்டுபவருக்குப் பக்கத்தில் வெள்ளையாகத் தெரிவதால் நல்ல வெளிச்சம் போல இருக்கும், தூரத்தில் ஒன்றும் தெரியாது. மழையில் இன்னும் மோசம். கம்பெனியிலேயே எல்இடி ஹெட்லைட்டோடு வரும் கார்களை நான் சொல்லவில்லை. அவற்றின் ரிஃப்ளெக்டரும் லென்ஸும் அதற்கென்றே செய்தவை. சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாமல் வண்டியில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு.

சரி, வாங்கும்போது என்ன பார்ப்பது? பல்பின் உலோக அடிப்பகுதியில் எச்4, 12 வோல்ட், 60/55 வாட் என்று பொறித்திருக்கும். கூடவே ஒரு வட்டத்துக்குள் 'இ' என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருந்தால், ஐரோப்பியத் தர அனுமதி பெற்றது என்று பொருள். பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதம், வருடம், எம்ஆர்பி இருக்க வேண்டும். இவை எதுவும் இல்லாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீலப் பூச்சுப் பூசிய 'சூப்பர் ஒயிட்' பல்புகளுக்கும் ஆசைப்பட வேண்டாம். அந்தப் பூச்சு வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கித்தான் வெள்ளையாகக் காட்டுகிறது.

மாற்றும்போது இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். ஒரே வயது பல்புகள் என்பதால் இன்னொன்றும் சீக்கிரம் போகும். எரிகிற பழைய பல்பை டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வைத்தால் ராத்திரிப் பயணத்தில் உதவும். கண்ணாடிப் பகுதியில் விரல் படக் கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை கண்ணாடியில் ஒட்டி, அந்த இடம் மட்டும் அதிகம் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும். தெரியாமல் பட்டுவிட்டால் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, உலர்ந்தபின் போடுங்கள். மெக்கானிக் வெறுங்கையால் பிடித்துக்கொண்டு அரட்டை அடித்தால் தயங்காமல் சொல்லுங்கள். பின்னால் இருக்கும் ரப்பர் மூடியைத் திரும்பச் சரியாக மாட்டினாரா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் முதல் மழையிலேயே உள்ளே ஈரம் போகும்.

இன்னொன்று. புது பல்பு போட்டும் மங்கலாகவே இருந்தால் குற்றம் பல்பின் மீது இல்லை. பத்து வருட வெயிலில் பிளாஸ்டிக் லென்ஸ் மஞ்சளடித்திருக்கும். அதை நுண்ணிய உப்புத்தாளில் படிப்படியாகத் தேய்த்து, மேலே புற ஊதாக் கதிர் தடுக்கும் பூச்சு கொடுக்க வேண்டும். டூத்பேஸ்ட் வைத்தியத்தில் பளிச்சென்றுதான் இருக்கும், ஆனால் மேல்பூச்சு இல்லாததால் சில மாதங்களில் பழையபடி ஆகிவிடும். லென்ஸ் நன்றாக இருந்தும் வெளிச்சம் போதவில்லை என்றால், பல்பின் கனெக்டரில் எத்தனை வோல்ட் வருகிறது என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒயர், எர்த் துருவேறி 10 சதவீதம் வோல்ட் குறைந்தாலே வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். பத்துக் கார்க்காரர்களில் ஒருவர்கூட இதைப் பார்க்கச் சொல்வதில்லை என்பது என் சந்தேகம்.

கேள்வி: சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் 'இன்டீரியர் கிளீனிங், டேஷ்போர்டு பாலிஷ்' என்று 1,500 ரூபாய் சேர்க்கிறார்கள். வண்டி பளபளவென்று வருகிறது. ஆனால் இரவில் எதிரே லைட் அடித்தால் முன் கண்ணாடி முழுக்கப் புகை படிந்த மாதிரி தெரிகிறது. கண் பரிசோதனைகூடச் செய்துவிட்டேன்.
– மதுரை வாசகி

கண்ணில் குறை இருக்காது. அந்தப் பளபளப்புதான் காரணமாக இருக்க வேண்டும். டேஷ்போர்டில் பூசும் பாலிஷ் பலவற்றில் சிலிகான் எண்ணெய் இருக்கிறது. மதுரை வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் டேஷ்போர்டு தொட முடியாத அளவுக்குச் சுடும். அப்போது பூச்சிலிருந்தும் பிளாஸ்டிக்கிலிருந்தும் கிளம்பும் ஆவி, நேர் மேலே இருக்கும் முன் கண்ணாடியின் உள்பக்கத்தில் படிகிறது. பகலில் கண்ணுக்குத் தெரியாது. இரவில் எதிர் வெளிச்சம் பட்டால் புகை மாதிரி பரவும். போதாததற்கு, பளபளக்கும் டேஷ்போர்டே பகலில் கண்ணாடியில் பிரதிபலித்து எரிச்சல் தரும். காசு கொடுத்துப் பார்வையைக் குறைத்துக்கொள்கிறோம்.

வீட்டிலேயே சரி செய்யலாம். மைக்ரோஃபைபர் துணி இரண்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் கொஞ்சம் போதும். ஒரு துணியில் தொட்டுத் துடையுங்கள், உலர்வதற்குள் இன்னொரு துணியால் இழுத்து எடுங்கள். உள்ளே குறுக்காகவும் வெளியே மேலும் கீழுமாகவும் துடைத்தால், கோடு விழுந்திருந்தாலும் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். முதல் தடவை துணி கறுத்துப்போவதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். ஆல்கஹால் டேஷ்போர்டில் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேஷ்போர்டுக்கு ஈரத்துணி போதும். அழுக்கு பிடிவாதமாக இருந்தால் இரண்டு சொட்டு லிக்விட் சோப்பு கலந்த தண்ணீர். ஏசி காற்று வரும் கட்டங்களுக்குள் பெயின்ட் அடிக்கும் சின்ன பிரஷ் நன்றாகப் போகும். ஸ்டியரிங்கிலும் பெடலிலும் எந்தப் பாலிஷும் போடக் கூடாது, வழுக்கும். டச் ஸ்கிரீனில் சானிடைசர் பட்டால் மேல்பூச்சு கெடும். வெயிலில் நிறுத்தும்போது முன் கண்ணாடிக்குள் ஒரு மடக்குத் தட்டி வைத்தால் இந்தப் பாலிஷ்களைவிட அதிகம் பயன்.

1,500 ரூபாய் விஷயம்: வண்டியை விடும்போது ஜாப் கார்டில் கையெழுத்துப் போடச் சொல்வார்களே, அதைப் படித்துவிட்டுப் போடுங்கள். பெரும்பாலும் அங்கேயே வரி வரியாக இருக்கும். 'இன்டீரியர் கிளீனிங் வேண்டாம்' என்று உங்கள் கையாலேயே எழுதிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் வாரன்டி போய்விடும் என்று யாராவது சொன்னால், வாரன்டி புத்தகத்தில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும்.

கேள்வி: அரைத்த மாவுத் தூக்கு பின் சீட்டுக்கு அடியில் கவிழ்ந்துவிட்டது. துடைத்தோம், சென்ட் வைத்தோம். மூன்று நாளில் கார் முழுக்கப் புளித்த வாடை. என்ன வாங்கிப் போடுவது?
– ஈரோடு வாசகி

ஒன்றும் வாங்க வேண்டாம், முதலில் சென்ட்டை எடுத்து வெளியே வையுங்கள். புளிப்பும் மல்லிகையும் கலந்த வாடை தனியாக இருப்பதைவிடக் கொடுமை. அதிலும் ஜெல் சென்ட் டேஷ்போர்டில் கொட்டினால் பிளாஸ்டிக்கே தழும்பாகிவிடும்.

நீங்கள் துடைத்தது மேலே தெரியும் கார்ப்பெட்டை. மாவு அதற்கும் கீழே இருக்கும் தடித்த ஃபெல்ட்டுக்குள் இறங்கி அங்கே நிதானமாகப் புளித்துக்கொண்டிருக்கிறது. காய்ந்ததைச் சுரண்டி எடுங்கள். அப்புறம் பச்சைத் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும். வெந்நீர் ஊற்றிவிடாதீர்கள், மாவு வெந்து கார்ப்பெட்டிலேயே இட்லியாகிவிடும். தண்ணீரையும் உறிஞ்சும் வேக்குவம் இருக்கும் வாட்டர் வாஷ் கடையில் கொடுத்தால் ஒரு மணி நேர வேலை. கடைசியில் ஆப்ப சோடாவைத் தூவி, இரவு முழுக்க விட்டு, காலையில் உறிஞ்சி எடுக்கலாம். கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, அடியிலும் காற்றுப் படும்படி கதவுகளைத் திறந்து வைத்து நன்றாகக் காய விடுங்கள். அரைகுறையாகக் காய்ந்தால் புளிப்பு போய்ப் பூஞ்சை வரும்.

ஓர் எச்சரிக்கை. சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. கழற்றவோ நனைக்கவோ கூடாது. சீட்டைக் கழற்ற வேண்டுமென்றால் தெரிந்தவரிடம் விடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏசி போடும்போது மட்டும் வாடை வந்தால் மாவைக் குறை சொல்லாதீர்கள், ஏசி காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைப் பாருங்கள்.

கேள்வி: வலது பக்க இண்டிகேட்டர் மட்டும் படபடவென்று வேகமாக அடிக்கிறது. ரிலே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக்.
– தஞ்சாவூர் வாசகர்

முதலில் வலது பக்கம் முன்னும் பின்னும் இறங்கிப் பாருங்கள். ஒரு பல்பு எரியாமல் இருக்கும். பல்பு போனால் ஓட்டுபவருக்குத் தெரியட்டும் என்றுதான் வேகமாக அடிக்கும்படி செய்திருக்கிறார்கள். இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கும் ரிலே கெட்டிருந்தால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் தகராறு செய்யும். எல்இடி இண்டிகேட்டர் பல்பு போட்டாலும் இதே படபடப்பு வரும், அது இழுக்கும் மின்சாரம் குறைவு என்பதால்.

விளக்கின் மூடி வெள்ளையாக இருந்தால் ஆரஞ்சு நிற பல்பு கேட்டு வாங்குங்கள். பல கார்களில் அதன் அடியில் இரண்டு முளைகளும் நேரெதிராக இல்லாமல் சற்றுக் கோணலாக இருக்கும், வெள்ளை பல்பு உள்ளே போகாது. பிரேக்கும் பார்க்கிங்கும் சேர்ந்த 21/5 வாட் பல்பிலோ ஒரு முளை உயரத்திலும் இன்னொன்று தாழ்வாகவும் இருக்கும். அதைத் திருப்பி அழுத்திச் சொருகிவிட்டு, "பார்க்கிங் லைட் பிரகாசமாக எரிகிறது, பிரேக் மிதித்தால் தெரியவே இல்லை" என்பவர்கள் உண்டு. பழைய பல்பைக் கையோடு கடைக்குக் கொண்டு போவதைப் போல நல்ல வழி எதுவும் இல்லை.

கேள்வி: ஹெட்லைட் பல்பு வாங்கி நான்காம் நாளே போய்விட்டது. 'எலக்ட்ரிகல் அயிட்டம் திரும்ப எடுக்க மாட்டோம்' என்று போர்டைக் காட்டுகிறார் கடைக்காரர். பில்லும் தரவில்லை.
– சென்னை வாசகர்

போர்டு சட்டம் ஆகாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படித்தான். ஜிபேயில் கட்டியிருந்தால் அந்தப் பதிவும் ஆதாரம்தான், அழித்துவிடாதீர்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போனாலும் 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. ஆனால் ஒரு பல்புக்காக யார் அவ்வளவு தூரம் போவார்கள் என்பது கடைக்காரருக்கும் தெரியும். அதனால் அடுத்த முறை பில் வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.

கடைக்காரர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். பல்பு குறையுள்ளதாக இருக்க வேண்டும், வண்டியின் குறையால் போனதாக இருக்கக் கூடாது. சண்டைக்குப் போகும் முன் இன்ஜினை ஓட விட்டு பேட்டரியில் வோல்ட் பாருங்கள். ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சரி. 15-ஐத் தொட்டால், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர்தான் பல்புகளைத் தின்கிறது. எத்தனை புது பல்பு வாங்கினாலும் நான்கு நாள்தான்.

கேள்வி: புதுக் காரில் லெதர் சீட். லெதர் கிரீம் 900 ரூபாய் என்கிறார்கள். அல்லது சீட் கவர் போட்டுவிடவா?
– ஓசூர் வாசகர்

கார் வாங்கியபோது கொடுத்த கையேட்டில் லெதரா, லெதரெட்டா என்று பாருங்கள். நம் ஊர் கார்கள் பலவற்றில் இருப்பது இரண்டாவது, அதாவது ஒருவகை பிளாஸ்டிக். அது கிரீமைக் குடிக்காது, உங்கள் சட்டைதான் குடிக்கும். சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணி போதும்.

சீட் கவர் போடும் முன், சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று சின்னத் துணி லேபிள் தைத்திருக்கிறதா பாருங்கள். இருந்தால், மோதலின்போது அந்தத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் பை வெளியே வரும். இறுக்கமான சாதாரணக் கவர் அதைத் தடுத்துவிடும். அந்தப் பக்கம் திறப்பு விட்டுத் தைத்த, உங்கள் மாடலுக்கென்றே வரும் கவர் கிடைத்தால் போடுங்கள். இல்லையென்றால் சீட் அழுக்காகட்டும், பரவாயில்லை.